ஈறு நலத்தை மதிப்பிடும் டிஜிட்டல் ஒளிப்படவியல்

ஈறுகளின் நிறம், தடிப்பு, விளிம்பின் வடிவம் ஆகியவற்றை டிஜிட்டல் கேமராவில் பதிவுசெய்து ஈறழற்சியைக் கணிக்கும் பல் மருத்துவ முறை. நலமான ஈற்றின் விளிம்பு மெலிந்து பல்லோடு ஒட்டியிருக்கும்; அழற்சி கண்டால் சிவந்து, தடித்து, பளபளக்கும்.

வரலாறு

ஈற்றின் நிலைக்கு மதிப்பெண் இடுவதில் 1963ஆம் ஆண்டு முக்கியமானது. ஹரால்ட் லோவும் ஜான் சில்னஸும் கருவுற்ற பெண்களிடம் நடத்திய ஆய்வில் 0 முதல் 3 வரையிலான ஈறுக் குறியீட்டை அறிமுகப்படுத்தினர். ப்ரோப் எனும் மெல்லிய கருவியால் தொடும்போது இரத்தம் கசிந்தால் மதிப்பெண் 2. தொடாமல் அதை இட முடியாது. 1965இல் லோ குழுவினர் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தனர். மூன்று வாரங்களுக்குள் அனைவருக்கும் ஈறழற்சி கண்டது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் தணிந்தது. 1986இல் லோபீன் குழுவினர் தொடு சோதனையை நீக்கி, பார்வையால் மட்டுமே 0 முதல் 4 வரை மதிப்பெண் இடும் திருத்திய குறியீட்டை வெளியிட்டனர். நேரில் பார்க்காமல் படத்தைக் கொண்டே மதிப்பிட இது வழிவிட்டது.

வாயின் இருளை லெஸ்டர் டைன் 1952இல் உருவாக்கிய வளைய ஃப்ளாஷ் போக்கியது. ஆனால் ஃபிலிம் வகையும் கழுவும் முறையும் மாறினால் சிவப்பும் மாறியது. டிஜிட்டல் கேமரா வந்தபின், நோயாளி நாற்காலியில் இருக்கும்போதே படத்தைச் சரிபார்க்க முடிந்தது. நிறமும் எண்ணாகப் பதிவானது. 1976இல் வகுக்கப்பட்ட சிஐஇ லேப் நிற அளவையில் சிவப்பைத் தனி அச்சில் அளக்கலாம். 2023இல் ஹாங்காங் ஆய்வாளர்கள், படத்தில் அழற்சியுள்ள பகுதிகளை அடையாளம் காணும் செயற்கை நுண்ணறிவு முறையைச் சோதித்து வெளியிட்டனர்.

எடுக்கும் முறை

கன்னத்தையும் உதட்டையும் ரிட்ராக்டரால் விலக்கி, எச்சிலைக் காற்றால் உலர்த்தி, மேக்ரோ லென்ஸால் படமெடுப்பர். ஈரம் மினுங்கினால் நிறம் மறைந்துவிடும். ஒவ்வொரு வருகையிலும் தொலைவு, கோணம், ஒளி மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் பழைய படத்தோடு ஒப்பிட முடியும். சாம்பல் நிற அட்டையை வைத்து நிறத்தைச் சரிசெய்வர்.

வரம்புகள்

மெலனின் மிகுந்த கருமையான ஈறுகளில் சிவப்பு எளிதில் தெரியாது. தென்னிந்தியரிடம் இத்தகைய ஈறுகள் இயல்பானவை. புகைப்பவர்களுக்கு இரத்தக் கசிவும் சிவப்பும் குறைவாகவே தெரிவதால், நோய் முற்றியிருந்தும் படம் நலமாகத் தோன்றலாம். பல்லுக்கும் ஈற்றுக்கும் இடையிலான பையின் ஆழமும் எலும்புத் தேய்வும் ஒளிப்படத்தில் பதிவாகா. 2018இல் வெளியான பன்னாட்டு வகைப்பாடும் ஈறழற்சியை இரத்தம் கசியும் இடங்களைக் கொண்டே வரையறுக்கிறது: 10 விழுக்காட்டுக்குக் குறைந்தால் நலம். எனவே நோயைக் கண்டறிய ப்ரோப்பும் எக்ஸ்ரேயும் தேவை. நாள்பட்ட மாற்றத்தை ஒப்பிடவும், நோயாளிக்கு அவரது ஈற்றைக் காட்டவும் படம் துணையாகிறது.