தலையை மறைத்த தேயிலைச் சாயம்

பிரித்தானியருக்கு எதிரான வெல்லஸ்ஸக் கிளர்ச்சியிலிருந்து தொடங்குவோம். 1817 செப்டெம்பரில், பதுளையில் பிரித்தானிய அதிகாரியாக இருந்த சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சன் வெல்லஸ்ஸக் காட்டில் அம்பு பட்டு இறந்தார். இன்றைய மொனராகலை மாவட்டத்தின் பெரும்பகுதி அந்த வெல்லஸ்ஸதான். அந்நாளில் பிரித்தானியக் காலாட்படைக்கு விதித்திருந்த உடுப்பு சிவப்பு அங்கியும் உயரமான கறுப்புத் தொப்பியும். ஆளை நெடிதாகக் காட்டவே செய்த தொப்பி அது. மரத்தோடு மரமாக நின்று வில்லை வளைத்தவனுக்கு அதைவிட நல்ல குறி வேறென்ன வேண்டும்?

மேட்டுக்குப் பின்னால் உடம்பு முழுவதையும் ஒளித்துக்கொள்ளலாம். ஆனால் எட்டிப் பார்க்கத் தலையைத் தூக்கித்தான் ஆகவேண்டும். படைகளுக்கு இதைப் புரிந்துகொள்ள வெகுகாலம் எடுத்தது. 1840களின் கடைசியில் பெஷாவர்ப் பக்கம் பிரித்தானிய அதிகாரி ஹாரி லம்ஸ்டன் தன் படைக்குப் புழுதி நிற உடுப்பைக் கொடுத்தார். புழுதியைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்துதான் காக்கி வந்தது.

தலைக்கு வந்தது நெட்டித் தொப்பி. குளத்தோரம் வளரும் நெட்டித் தண்டின் பட்டையைச் சீவினால் உள்ளே பால்வெள்ளையாகச் சோறு இருக்கும். கையில் எடுத்தால் எடையே தெரியாது. அதை மெல்லிய ஏடாகச் சீவி, மர அச்சின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் காயவைத்து, மேலே துணி போர்த்தினால் சோலா தொப்பி. தஞ்சாவூரில் கோயில் உருவங்கள் செதுக்கும் அதே நெட்டிதான். வெயிலுக்கு அருமையானது. ஆனால் படைக்காரர்கள் அணிந்த தொப்பிகள் பளிச்சென்ற வெள்ளை நிறம். 1879இல் சூலு நாட்டுப் போரில் பிரித்தானியச் சிப்பாய்கள் தங்கள் வெள்ளைத் தொப்பிகளைத் தேயிலைச் சாயத்தில் தோய்த்துப் பழுப்பாக்கினார்கள். அது நம் மலைத் தேயிலையாக இருந்திருக்காது. இலங்கையிலிருந்து 1873இல் லண்டனுக்குப் போன முதல் சரக்கே 23 இறாத்தல்தான். மலையில் அன்று கோப்பிதான் ராஜா.

ஊவா மலைகளில் தேயிலை நிறைந்த பிறகு அந்த நெட்டித் தொப்பி தோட்டத் துரைமாரின் தலையில் ஏறியது. இடுப்பளவு செடிகளுக்கு மேலே அது தெரிந்தாலே மலை முழுவதும் பேச்சு அடங்கிவிடும். துரைக்குத் தெரியவேண்டும், சிப்பாய்க்கு மறையவேண்டும். ஒரே தொப்பிக்கு இரண்டு வேலை.

நிறம் மாறியும் வடிவம் மாறவில்லை என்பதைத் தென்னாபிரிக்கா காட்டிக்கொடுத்தது. 1899 டிசெம்பர் 11, மேகர்ஸ்ஃபொன்டெய்ன். பிரித்தானியரை எதிர்த்துப் போரிட்ட போயர் விவசாயிகள் குன்றின் அடிவாரத்தில் பதுங்குகுழி வெட்டி உட்கார்ந்திருந்தார்கள். பிரித்தானியப் பீரங்கிகளோ குன்றின் உச்சியைத் தாக்கிக்கொண்டிருந்தன. விடியலில் முன்னேறிய ஹைலண்டர் படை அடிவாரத்திலிருந்தே சுடப்பட்டுச் சிதறியது. தளபதி வாகோப்பும் மாண்டார். போயர்களுக்குச் சீருடை கிடையாது. வயலுக்குப் போட்ட பழுப்பு உடையும், அகல விளிம்புத் தொப்பியும்தான். அந்த விளிம்பு வளைந்து நெளிந்து தலையின் உருண்டையைக் கலைத்துவிடும். தூரத்தில் பார்த்தால் கல்லா ஆளா என்று தெரியாது.

அந்தத் தொப்பிக்காரர்கள் நம்மூருக்கே வந்தார்கள். 1900 ஓகஸ்ட் முதல் கைதிகளாகத் தியத்தலாவைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் ஏறத்தாழ 5,000 பேர். தகரக் கொட்டகைகள், சுற்றிலும் முள்கம்பி. அதே ஆண்டில்தான் தோட்டத் துரைமாரைக் கொண்டே ஒரு தொண்டர் துப்பாக்கிப் படையும் இலங்கையில் உருவானது. தோற்றவர்களின் தொப்பியே பின்னாளில் வென்றது என்பது என் கருத்து. இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காட்டில் போரிட்ட பிரித்தானியப் பதினான்காம் படையின் அடையாளமே அகல விளிம்புத் தொப்பிதான்.

இரும்புத் தொப்பி வந்த பிறகு வேறு தொல்லை. மழை பட்டால் மினுங்கும். அதற்கு வலை போர்த்தி, வலைக்கண்களில் இலையையும் சணல் சாக்குக் கிழிசலையும் செருகினார்கள். கொழுந்து எடுக்கும் நம் பெண்கள் ஈரத்துக்கும் கிளைக்கும் இடுப்பில் படங்கு கட்டுகிறார்களே, அந்தச் சாக்குதான். தேயிலைச் சாயம், சாக்குக் கிழிசல்: படைகளின் தலையைக் காப்பாற்றியவை தோட்டத்துக் கைக்குப் பழகிய பொருள்கள்.

இங்கு நடந்த உள்நாட்டுப் போர்க்காலத்தில் பச்சையும் பழுப்புமாகத் திட்டுப் போட்ட படைத் தொப்பிகள் லயங்களுக்கு வந்தன. காட்டில் மறைவதற்காகச் செய்த அந்தத் தொப்பி லயத்து வாசலில் எதையும் மறைக்கவில்லை. விடியற்காலைத் தேடுதலில் அது கண்ணில் பட்டதும் அடையாள அட்டையைத் தேடி நடுங்கிய கைகள் எத்தனை! துரையின் தொப்பியைப் போலவே அதுவும் அச்சத்தின் அடையாளமானது. அந்த நினைவு உள்ளவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை எழுதி வைக்கவேண்டும்.

இன்னொரு வேண்டுகோள். பழைய பங்களா அலுமாரியிலோ லயத்துப் பரணிலோ நெட்டித் தொப்பி ஏதாவது கிடந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். நெட்டி ஈரத்தைக் குடிக்கும், பூஞ்சை பிடிக்கும். ஊவாவின் மாரி மழைக்கு அது தாங்காது. துணியில் சுற்றி, ஈரம் படாத உலர்ந்த இடத்தில் வையுங்கள்.