துவக்குக்குப் பூசிய வர்ணம்



தரம் 10 பிள்ளை ஒருவன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். அமெரிக்காவில் ஒருவர் வீட்டு முற்றத்தில் தன் வேட்டைத் துவக்கைத் தொங்கவிட்டு, அதன் மேல் இலைகளைப் பிடித்துக்கொண்டு ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கிறார். இலையை எடுத்ததும் அதன் உருவம் துவக்கில் தெரிகிறது. "சேர், இது ஆமிக்காரங்கட வேலையில்லையா?" என்று கேட்டான். எங்களுக்கு உடனே பதில் வரவில்லை. தேடிப் படித்ததை எழுதுகிறோம்.

இதில் ஓவியர்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. 1914இல் பிரான்ஸ் படை சிவப்புக் காற்சட்டையோடுதான் போருக்குப் போனது. இழப்பைக் கண்ட பிறகு, 1915இல் ஓவியர்களைச் சேர்த்து ஒரு பிரிவு அமைத்தார்கள். அதன் தலைவர் கிராண்ட் டி செவோலாவும் ஓவியர்தான். அவர்கள் பீரங்கியைப் பச்சையாக்கி விட்டுவிடவில்லை. திட்டுத் திட்டாகப் பல நிறம் பூசி, அதன் உருவத்தையே உடைத்தார்கள். கண் முதலில் பிடிப்பது பொருளின் ஓரக்கோட்டை. காட்டில் நேர்கோடு அரிது. துவக்கோ முழுக்க நேர்கோடு. அந்த மனிதர் இலைகளை வைத்து அடிப்பதும் இதற்காகத்தான்.

அவர் கையிலிருந்த டின்னுக்கும் ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் நுளம்புக்கு மருந்தடிக்க அமெரிக்கப் படையினருக்குக் கொடுத்த டின்தான் அதற்கு முன்னோடி. (மலேரியா கண்ட எங்கள் மூத்தவர்களுக்கு அதன் அருமை விளங்கும்.) 1949இல் எட் சீமோர் என்ற பெயின்ட் வியாபாரி, மனைவி சொன்ன யோசனையின்படி அதே முறையில் பெயின்டை அடைத்தார். 1980இல் ஜிம் க்ரம்லி என்ற வேட்டைக்காரர், மரப்பட்டை போல மார்க்கரால் தானே உடுப்பில் வரைந்த கோலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

எங்களை நிறுத்திய விடயம் வேறு. அங்கே பல மாநிலங்களில் மான் வேட்டைக்குத் துவக்கோடு போகிறவர் பளிச்சென்ற செம்மஞ்சள் உடுப்புப் போட வேண்டும் என்பது சட்டம். மானின் கண்ணுக்கு அந்த நிறம் மங்கலாகத்தான் தெரியும். மனிதனுக்குத் தூரத்திலிருந்தே தெரியும். மிருகத்துக்கு மறைய வேண்டும், மனிதனுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் கணக்கு.

எங்கள் பக்கத்துக் கட்டுத்துவக்கில் அந்தக் கணக்கே இல்லை. பன்றிக்கென்று பற்றைக்குள் மறைத்து, பாதைக்குக் குறுக்கே கம்பி இழுத்துவிட்டு ஆள் வீட்டுக்குப் போய்விடுகிறார். கம்பியில் பட்டது பன்றியா பிள்ளையா என்று அதற்குத் தெரியாது. சட்டம் தடுத்தும் கட்டுகிறார்கள். அடிபடுவது பெரும்பாலும் கால்தான். கேள்வி கேட்ட பிள்ளையின் மூத்தவாப்பா விறகுக்குப் போன இடத்தில் ஒரு காலை இழந்தது இப்படித்தான்.

பாலைப்பழக் காலம் வருகிறது. பிள்ளைகளைக் காட்டோரம் போகாமல் மறிக்க எங்களால் ஏலாது. எங்காவது கட்டியிருப்பது தெரிந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். யாருடையது என்று கேட்க மாட்டோம், இடம் தெரிந்தால் போதும்.