நிறமும் உப்பும்: சாயக் கழிவுநீரில் தாவரக் கழிவு ஆய்வுகள் வந்த வழி

கரைசலின் நிறத்தைக் கரி நீக்கும் என்பதை 1785இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மருந்தகம் ஒன்றில் பணிபுரிந்த தோபியாஸ் லோவிட்ஸ் கண்டறிந்தார். காய்ச்சும்போது பழுப்பேறிய டார்டாரிக் அமிலக் கரைசலைத் தெளியவைக்கத்தான் அவர் கரியை நாடினார். அடுத்த நூற்றாண்டில் சர்க்கரை ஆலைகள் எலும்புக்கரிக்கு மாறின. முதல் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிகளுக்குக் கொட்டாங்குச்சிக் கரி தேவைப்பட்டது. 1918இல் லாங்மியூர் பரப்புக்கவர்ச்சிக்குத் தந்த சமன்பாட்டைத்தான் இத்துறை ஆய்வேடுகள் இன்றும் கையாள்கின்றன.

சாயக் கழிவுநீரின் நிறத்தை நீக்கவும் கிளர்வூட்டிய கரி நன்றாக வேலை செய்யும், விலைதான் கட்டுப்படியாகாது. அதற்கு மாற்றுத் தேடியவர்களில் பெல்ஃபாஸ்ட் நகரின் மெக்கே குழுவினர் முன்னோடிகள். 1976இல் அவர்கள் சதுப்புநிலக் கரிமண்ணையும் மரத்தையும் கொண்டு அமிலச் சாயத்தை நீக்கிப் பார்த்தனர். இத்தேடல் கோவைக்கு வந்தபோது அதற்கு உள்ளூர்க் காரணமே இருந்தது. ஒருபுறம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள், மறுபுறம் பொள்ளாச்சி வட்டாரத்தில் குவியும் தென்னை நார்க்கழிவு. பாரதியார் பல்கலைக்கழகத்தில் நமசிவாயம் குழுவினர் 1992இல் வாழைத்தண்டுக் கழிவையும் 1996இல் ஆரஞ்சுத் தோலையும் பற்றிய முடிவுகளை வெளியிட்டனர். நார்க்கழிவைக் கரியாக்கியும் சோதித்தனர்.

ஆரஞ்சுத் தோல் ஆய்வைச் சற்று நின்று படிக்க வேண்டும். ஒரு கிராம் தோல் 22.4 மில்லிகிராம் காங்கோ சிவப்பைப் பிடித்தது. காங்கோ சிவப்பு பருத்தியில் தானாகவே ஒட்டும் நேரடிச் சாயம். தோலிலுள்ள செல்லுலோஸிலும் ஒட்டியதில் வியப்பில்லை. ஆனால் புரோசியான் ஆரஞ்சு என்ற ரியாக்டிவ் சாயத்தில் பிடிபட்டது வெறும் 1.3 மில்லிகிராம். அதாவது ஒரு கிலோ தோலுக்கு 1.3 கிராம் சாயம்! அதுவும் அமில நீரில், பி.எச். 3இல். பட்டறையிலிருந்து வருவதோ சோடா உப்பு கலந்த கார நீர்.

காரணம் மின்னூட்டத்தில் இருக்கிறது. தாவர நாரின் பரப்பு நீரில் எதிர்மின் தன்மை பெறும். மெத்திலீன் நீலம் நேர்மின் சாயம், அதனால் எளிதில் ஒட்டும். ஆய்வுக்கூடங்கள் அதையே மீண்டும் மீண்டும் எடுத்துக்கொண்டதும், முடிவுகள் கண்ணைக் கவர்ந்ததும் இதனால்தான் என்பது என் கணிப்பு. 1956இல் சந்தைக்கு வந்த ரியாக்டிவ் சாயங்கள் எதிர்மின் தன்மை கொண்டவை. பருத்திப் பின்னலாடைக்குத் திருப்பூர் நம்பியிருப்பது இவற்றைத்தான்.

இன்னொன்று, உப்பு. ரியாக்டிவ் சாயம் துணியில் ஏற, சாயத்தொட்டியில் லிட்டருக்குப் பல பத்து கிராம் உப்பு போடுவார்கள். அத்தனையும் கழிவோடு வெளியேறும். பாசனத்துக்கென்று கட்டி 1992இல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது இந்தக் கழிவுநீர்தான். பார்த்தவர்களைத் திடுக்கிட வைத்தது நிறம். வயலையும் கிணற்றையும் பாழாக்கியதில் பெரும்பங்கு உப்புக்கு. நார்க்கழிவோ ஆரஞ்சுத் தோலோ கரைந்த உப்பை நீக்காது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, திறப்பதற்கு வழியாக நின்றது கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத முறை, ஆர்.ஓ. சவ்வுகளும் நீராவியாக்கும் கலன்களும் அதன் உறுப்புகள்.

இதனால் அந்த ஆய்வுகள் வீண் என்று சொல்லமாட்டேன். சவ்வுக்குப் போகுமுன் நிறத்தைக் குறைக்கும் முதல்கட்டமாக நார்க்கரிக்கு இடம் உண்டு. ஆனால் சாயமேறிய கரியை எரிப்பதா, புதைப்பதா, மீட்டெடுப்பதா என்ற கேள்வியைப் பெரும்பாலான கட்டுரைகள் கடைசிப் பத்தியில் தொட்டுவிட்டு விலகுகின்றன. இனி எழுதுவோர் வாலைவடித்த நீரில் மெத்திலீன் நீலத்தைக் கரைப்பதை விட்டு, பட்டறை வாய்க்கால் நீரையே உப்போடும் காரத்தோடும் எடுத்துச் சோதிக்கட்டும். எஞ்சிய கரி எங்கே போகிறது என்பதையும் அதே அட்டவணையில் எழுதட்டும்.