சார்ஸ் முதல் கோவிட் வரை: ஆஸ்பத்திரிகள் படித்த பாடம்

கொரோனா என்றதும் எல்லோருக்கும் 2020 தான் ஞாபகம் வரும். ஆனால் இந்தக் குடும்பத்தின் வயசு கொஞ்சம் அதிகம். மனிதர்களைத் தாக்கும் கொரோனா கிருமியை 1960களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். சுற்றிலும் கிரீடம் மாதிரி தெரிந்ததால் 1968-ல் அந்தப் பெயர். வெறும் ஜலதோஷக் கிருமிதானே என்று அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

2002 நவம்பரில் தென் சீனாவில் சார்ஸ் கிளம்பியது. 2003 ஜூலையில் அடங்குவதற்குள் சுமார் 8,100 பேருக்குப் பரவி 774 பேரைக் கொன்றது. நான் படிப்பது பி.காம் என்பதால் கண் கணக்கின் மேல்தான் போகும். நோய் வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மருத்துவ ஊழியர்! அதாவது குணமாக்க வேண்டிய இடமே நோயைப் பரப்பியது. சிங்கப்பூர் உடனே டான் டோக் செங் மருத்துவமனையை சார்ஸுக்கென்றே ஒதுக்கியது. தடுப்பூசி கிடையாது, தனி மருந்தும் கிடையாது. நோயாளியைப் பிரித்து வைப்பது, முகக்கவசம், கை கழுவுவது, கூட இருந்தவர்களைத் தேடிப் பிடிப்பது என்ற பழைய வழிகளே ஜெயித்தன. ஒரு காரணம், சார்ஸ் பெரும்பாலும் காய்ச்சல் முற்றிய பிறகுதான் தொற்றும்.

அடுத்தது மெர்ஸ். 2012-ல் சவுதியில் தெரிய வந்தது. 2015-ல் வளைகுடா போய்த் திரும்பிய ஒரே ஒருவர் மூலம் தென் கொரியாவில் 186 பேருக்குத் தொற்றி, 38 பேர் இறந்தார்கள். நெரிசலான அவசர சிகிச்சைப் பிரிவு, கட்டில் பக்கத்திலேயே தங்கும் சொந்தக்காரர்கள், ஒரு ஆஸ்பத்திரியில் சரியாகவில்லை என்று இன்னொன்றுக்கு ஓடுவது. நம்ம ஊர் வழக்கம் மாதிரியே இல்லை?

கோவிட் இன்னும் தந்திரக்காரன். அறிகுறி தெரியும் முன்பே பரவும். தமிழ்நாட்டின் முதல் தொற்று 2020 மார்ச் 7-ல் உறுதியானது. 1899-ல் தொடங்கிய கிண்டி கிங் நிலையம் பரிசோதனையில் இறங்கியது. ஓமந்தூரார் மருத்துவமனை கோவிட் மருத்துவமனையானது. அந்தப் பங்குனியில் மயிலாப்பூரில் அறுபத்துமூவர் வீதியுலா இல்லை. ஜூலையில் கிண்டியில் முதியோருக்காகக் கட்டிய கட்டடம் 750 படுக்கைகளோடு கொரோனா மருத்துவமனையாகத் திறந்தது.

ஆனால் படுக்கைகளை எண்ணினால் மட்டும் கணக்கு முடியாது. 2020 ஏப்ரலில் டாக்டர் சைமன் ஹெர்குலஸ் கோவிட்டில் இறந்தபோது, இதே சென்னையில் ஒரு கூட்டம் ஆம்புலன்ஸைக் கல்லால் அடித்தது. சக மருத்துவர் ஒருவர் ராத்திரியில் தன் கையாலேயே மண்ணைத் தள்ளி அவரை அடக்கம் செய்தார். ஒரு வாரத்தில், அடக்கத்தைத் தடுப்பவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை என்று தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. சட்டம் போட்டுத்தான் நமக்கு அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

கிண்டிக் கட்டடம் 2024-ல் முதியோர் மருத்துவமனையாகவே திறக்கப்பட்டது. நல்ல விஷயம். அடுத்த கிருமி வரும்போது இன்னொரு கட்டடத்தை மாற்றிக்கொள்ளலாம். நோயாளியைப் பிரித்து வைப்பதும், அவரை ஒதுக்கி வைப்பதும் ஒன்றல்ல என்பதை மட்டும் அப்போது புதிதாகக் கற்க நேரமிருக்காது.