அறைகூவும் உரிமைக்கான பந்தயம்

1851ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றி நடந்த பந்தயத்தில், 'அமெரிக்கா' என்னும் பாய்க்கப்பல் ஆங்கிலேயக் கப்பல்களைப் பின்தள்ளி வென்ற வெள்ளிக் கிண்ணம், 1857இல் நியூயார்க் படகுச் சங்கத்தாரிடம் ஒரு தானசாசனத்தோடு ஒப்படைக்கப்பட்டது. எந்த அந்நிய தேசத்துச் சங்கமும் அறைகூவி வந்து, சிநேக பாவத்தோடு பொருதி இதனைப் பெறலாம் என்பதே அச்சாசனத்தின் சாரம். எழுத்திலிருந்த இந்த உதாரகுணம் நடைமுறையில் நெடுங்காலம் காணப்படவில்லை.

1870இல் முதன்முதலாக அறைகூவி வந்த ஜேம்ஸ் ஆஷ்பரி என்னும் ஆங்கிலேயக் கனவானின் 'காம்ப்ரியா', ஓர் எதிரியோடு அன்று, சங்கத்தாரின் கப்பற்கூட்டம் முழுவதோடும் ஏககாலத்தில் ஓட வேண்டியதாயிற்று. மறு ஆண்டு அவர் 'லிவோனியா'வோடு திரும்பியபோது, கூட்டத்தைக் கைவிட்ட சங்கத்தார், அன்றன்றைய காற்றுக்கு ஏற்ற கப்பலைப் பொறுக்கி நிறுத்தும் உரிமையைக் கைவிடவில்லை. 1882இல் திருத்தப்பட்ட சாசனமோ, அறைகூவும் கப்பல் தன் பாய்களைக் கொண்டே பந்தயத்துறைக்கு வந்து சேர வேண்டும் என்று விதித்தது. ஆகவே, சமுத்திரத்தின் கொந்தளிப்பைத் தாங்குமாறு கட்டப்பட்ட கப்பல், துறையை விட்டு அகலவேண்டாத இலகுவான கப்பலோடு மோத நேர்ந்தது.

இந்த அநீதிகளைக் காட்டிலும் ஆழமான குறை வேறொன்று என்பதே என் துணிபு. கிண்ணத்தைக் காப்பவர்கள் கோடை முழுவதும் தங்கள் கப்பல்களை ஒன்றோடொன்று மோதவிட்டுச் சிறந்ததைத் தேர்ந்தெடுத்தார்கள். தனியே வந்தவர்க்கோ முதற் பரீட்சையே இறுதிப் பரீட்சையாக முடிந்தது. 1899 முதல் 1930 வரை ஐந்து முறை 'ஷாம்ராக்' என்ற பெயருடைய கப்பல்களை அனுப்பிய தேயிலை வணிகர் தாமஸ் லிப்டன், 1920இல் முதல் இரண்டு ஓட்டங்களில் வென்றும் அடுத்த மூன்றையும் இழந்தார். அவருடைய செல்வத்தில் ஹப்புத்தளை மலைச்சாரலில் கொழுந்து பறித்த தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பும் கலந்திருந்தது என்பதை இங்கே நினையாதிருக்க என்னால் இயலவில்லை.

1970இல்தான் மாற்றம் பிறந்தது. ஆஸ்திரேலியரும் பிரெஞ்சுக்காரரும் ஒருங்கே அறைகூவவே, அவ்விருவருள் எவர் தகுதியுடையவர் என்பதை ரோட் தீவு மாகாணத்து நியூபோர்ட் கடலில் முதலில் தீர்மானிக்க வேண்டியதாயிற்று. பேனா உற்பத்தியால் பெரும் பொருளீட்டிய பிரபு மார்செல் பிக், கடைசி ஓட்டத்தில் 'பிரான்ஸ்' படகின் சுக்கானைத் தாமே பற்றி, மூடுபனியில் வழிதவறி, பந்தயத்தை முடிக்காமலேயே மீண்டார். நான்கு ஓட்டங்களிலும் வென்ற ஆஸ்திரேலியரின் 'கிரெட்டல் 2' அமெரிக்கரின் 'இன்ட்ரெப்பிட்'டிடம் தோற்றது உண்மையே. ஆயினும் அறைகூவ வந்தவர்கள் ஒருவரையொருவர் தீட்டிக்கொள்ளும் முறை அன்றே வேரூன்றிவிட்டது.

1983இல் பிரெஞ்சு நிறுவனமான லூயி வியூத்தோன் இத்தேர்வுக்கெனத் தனிக் கோப்பை ஒன்றை நிறுவியபோது, ஐந்து தேசங்களிலிருந்து ஏழு படகுகள் நியூபோர்ட்டில் கூடின. பென் லெக்சன் வடிவமைத்த 'ஆஸ்திரேலியா 2', நீருள் அமிழ்ந்த அடிப்பாகத்தில் இறக்கை போன்ற அமைப்புடையது. படகைக் கரையேற்றும்போதெல்லாம் அந்த ரகசியத்தைத் திரையிட்டு மறைத்தார்கள். அது சட்டவிரோதமானது என்று நியூயார்க் சங்கத்தார் எழுப்பிய ஆட்சேபம் நிலைக்கவில்லை. அறைகூவலாளர்களின் இறுதிப் போட்டியில் பிரிட்டனின் 'விக்டரி 83'ஐ 4–1 என வென்ற அப்படகு, கிண்ணத்துக்கான போரில் அமெரிக்கரின் 'லிபர்ட்டி'யிடம் 1–3 எனப் பின்தங்கியும், தொடர்ந்து மூன்று ஓட்டங்களை வென்று, செப்டம்பர் 26ஆம் நாள் 132 ஆண்டு ஆதிக்கத்தைத் தகர்த்தது. இறக்கையின் பெருமையைப் பலரும் பேசுவர். அப்படகின் தலைவர் ஜான் பெர்ட்ரண்டும் அவர் மாலுமிகளும் அக்கோடையில் ஆறு எதிரிகளோடு பொருதிப் பெற்ற பக்குவமின்றி அந்த மூன்று வெற்றிகள் சாத்தியமாகியிரா என்பேன்.

தோற்ற 'லிபர்ட்டி'யின் தலைவர் டென்னிஸ் கானருக்கு, கிண்ணத்தை மீட்க இப்போது அதே வாயில்தான் திறந்திருந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃபிரிமாண்டில் துறையில் 1986–87இல் திரண்ட பதின்மூன்று அறைகூவலாளர்களுள் ஒருவராகவே அவர் நின்றார். இறுதிப் போட்டிவரை 38 ஓட்டங்களில் ஒன்றை மட்டுமே இழந்திருந்த நியூசிலாந்துப் படகை 4–1 என வென்ற பின்னரே கிண்ணத்துக்கான போருக்குச் சென்று, 4–0 என அதனை மீட்டார்.

இத்தேர்வு முறை அறைகூவுவோர்க்கு எப்போதும் நன்மையே பயந்தது என்று கூறவும் இயலாது. 2000ஆம் ஆண்டு ஆக்லாந்தில் இத்தாலியரின் 'லூனா ரோசா', 'அமெரிக்கா ஒன்'னோடு ஒன்பது ஓட்டங்கள் பொருதி 5–4 என அறைகூவும் உரிமையைப் பெற்று, கிண்ணத்தைக் காத்த நியூசிலாந்தரை எதிர்கொண்டபோது ஓர் ஓட்டத்தையும் வெல்லாமல் 0–5 எனத் தோற்றது.