பேரப்பிள்ளையைப் பார்க்கவா, பார்த்துக்கொள்ளவா? வெளிநாடு கிளம்பும் தருமபுரி அப்பா, அம்மாக்கள் கவனத்துக்கு!

"ஆறு மாசம் தங்கலாம்ல... முழுசா இருந்துட்டுத்தான் போகணும்!" மகனோ மகளோ அமெரிக்காவில் இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு சகஜம். பாலக்கோடு, பென்னாகரம், அரூர், காரிமங்கலம் என தருமபுரி மாவட்டத்தின் பல ஊர்களில் பிள்ளைகள் ஓசூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போய், அப்படியே வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். இப்போது அப்பா, அம்மா விமானம் ஏறும் முறை.

ஆனால், இது பத்து நாள் டூர் கிடையாது. வீடு, காடு, மாடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு இன்னொரு நாட்டில் மாதக்கணக்கில் குடியிருப்பது. அதனால் எத்தனை நாள் இருப்பது என்பதை விசா முடிவு பண்ணக் கூடாது. உங்கள் உடம்பும், ஊரில் இருக்கும் வேலையும்தான் முடிவு பண்ண வேண்டும்.

முதலில் ஒரு வெளிப்படையான பேச்சு

டிக்கெட் போடும் முன் குடும்பத்தில் பேசிவிட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிறோமா, பார்த்துக்கொள்ளப் போகிறோமா? இரண்டுமே தப்பில்லை. மகளின் பிரசவத்துக்கு அம்மா பக்கத்தில் இருக்க ஆசைப்படுவது இயல்பு. ஆனால், சமையல், குழந்தை, பாத்திரம் என நாள் முழுக்க வேலை இருக்கும் என்பது போன பிறகுதான் தெரிந்தால், அங்கேதான் மனக்கசப்பு ஆரம்பிக்கிறது. வாரத்தில் எந்த நாள் உங்களுக்கு ஓய்வு, எப்போது வெளியே கூட்டிப்போவார்கள், அப்பாவுக்கு அங்கே பொழுது எப்படிப் போகும்... இதையெல்லாம் போனிலேயே பேசிவிடுங்கள். கேட்பதில் சங்கடப்பட ஒன்றுமில்லை.

பாஸ்போர்ட்: பெயரைக் கவனிங்க

நம் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்கு ஒற்றைப் பெயர்தான். முன்னால் ஓர் இனிஷியல், அவ்வளவுதான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால் சில நாடுகளில் சிக்கல் வரும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் விசிட் விசாவில் வருபவர்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அமெரிக்க விசாவிலோ, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பெயர் தெரியவில்லை' என்ற பொருளில் 'எஃப்.என்.யு' என்று அச்சாகும். புதிதாக விண்ணப்பிக்கும்போதே இனிஷியலை விரித்து எழுதிவிடுங்கள். ஆதார், பாஸ்போர்ட், டிக்கெட் மூன்றிலும் எழுத்து மாறாமல் இருக்கட்டும். 60 வயதைத் தாண்டியவர்களுக்குப் புதிய பாஸ்போர்ட் கட்டணத்தில் 10 சதவிகிதம் சலுகை உண்டு.

'பத்தாவது படிக்கலையே, இ.சி.ஆர் முத்திரை விழுமே' என்ற பயம் சிலருக்கு இருக்கிறது. 50 வயதைத் தாண்டியவர்களுக்கு அது கிடையாது. அந்த முத்திரை இருந்தாலும், குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் குடியேற்ற அனுமதி தேவை. உறவினரைப் பார்க்கப் போகிறவர்களுக்குத் தேவையில்லை.

எந்த நாடு, எத்தனை நாள்?

சிங்கப்பூரில் வழக்கமாக 30 நாள்கள் வரை தங்க அனுமதி தருகிறார்கள். வந்திறங்கும் முன் மூன்று நாள்களுக்குள் வருகைப் படிவத்தை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு 30 நாள் விசா இல்லாத அனுமதி தருகிறது. பிரிட்டனின் விசிட்டர் விசாவில் ஒரு பயணத்துக்கு 6 மாதங்கள் வரை.

கனடா பெற்றோருக்கும் தாத்தா, பாட்டிக்கும் 'சூப்பர் விசா' என்றே தனியாக வைத்திருக்கிறது. 2022 ஜூலை முதல், ஒருமுறை நுழைந்தால் 5 ஆண்டுகள் வரை தங்கலாம். குறைந்தது 1 லட்சம் கனடா டாலருக்கு, ஓராண்டு மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

அமெரிக்காவுக்கு பி-2 விசா. டி.எஸ்-160 படிவம் நிரப்பி, கட்டணம் கட்டி, சென்னையில் கைரேகைப் பதிவுக்கும், துணைத் தூதரக நேர்காணலுக்கும் போக வேண்டும். நேர்காணலில் தமிழிலேயே பேசலாம். 'இவர் திரும்பி வந்துவிடுவாரா?' என்பதுதான் அதிகாரியின் முக்கியமான சந்தேகம். நிலம், ஓய்வூதியம், ஊரில் இருக்கும் இன்னொரு பிள்ளை... எது உண்மையோ அதைச் சொன்னால் போதும்.

விதிகள் அடிக்கடி மாறுகின்றன. டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் நாளில் அந்தந்த நாட்டு அரசு இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

விசா தேதி வேறு, தங்கும் தேதி வேறு

அமெரிக்க விசாவை 10 ஆண்டுகளுக்குத் தந்திருப்பார்கள். ஆனால், எத்தனை நாள் தங்கலாம் என்பதை முடிவுசெய்வது இறங்கும் இடத்தில் இருக்கும் அதிகாரி. 'ஐ-94' என்ற பதிவில் இருக்கும் தேதிதான் செல்லும். பெரும்பாலும் 6 மாதம் தருவார்கள். இறங்கிய மறுநாளே பிள்ளைகளிடம் சொல்லி அந்தப் பதிவை ஆன்லைனில் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதியைத் தாண்டி ஒரு நாள் தங்கினாலும் கையில் இருக்கும் விசா செல்லாமல் போய்விடும். 180 நாள்களுக்கு மேல் தாண்டினால் 3 ஆண்டுகளுக்கும், ஓராண்டைத் தாண்டினால் 10 ஆண்டுகளுக்கும் உள்ளே நுழையத் தடை. நீட்டிப்பு வேண்டுமென்றால் தேதி முடியும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

மாத்திரையும் இன்ஷூரன்ஸும்

பி.பி, சுகர் மாத்திரை சாப்பிடாத பெரியவர்கள் குறைவு. அமெரிக்காவுக்குப் பொதுவாக 90 நாளுக்கான மருந்து கொண்டுபோகலாம். அதற்கு மேல் தங்குபவர்களுக்கு ஊரிலிருந்து மருந்தை வரவழைக்க வழி உண்டு. ஆனால் டாக்டரின் கடிதம், பாஸ்போர்ட், விசா நகல்கள் காட்ட வேண்டியிருக்கும். மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும் எழுதி வாங்குங்கள். அட்டையைப் பிரித்து டப்பாவில் கொட்டாமல் அப்படியே எடுத்துப்போங்கள். கைப்பையில் பாதி, பெட்டியில் பாதி.

இன்ஷூரன்ஸில் எத்தனை டாலர் என்பதைவிட, ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பணம் தருவார்களா என்பதுதான் முக்கியம். சில பாலிசிகள் சிகிச்சைக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு போட்டிருக்கும். அமெரிக்காவில் ஒரு நாள் ஆஸ்பத்திரியில் படுத்தாலே பில் லட்சங்களில் வரும். மீதியைக் கட்டப்போவது உங்கள் பிள்ளைதான். பிரீமியத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். கிளம்பும் முன் பல், கண், இதயம் மூன்றையும் இங்கேயே பரிசோதித்துவிடுவது புத்திசாலித்தனம்.

பெட்டியில் இதெல்லாம் வேண்டாம்

"புள்ளைக்கு நம்ம தோட்டத்து மாம்பழம் ரெண்டு..." என்று மனசு சொல்லும். வேண்டாம்! இந்திய மாம்பழத்துக்கு 2007-ல் அமெரிக்கா கதவைத் திறந்தது உண்மைதான். ஆனால், அது கதிர்வீச்சுப் பதப்படுத்தல் முடிந்து வணிகமாகப் போகும் பழத்துக்கு. பயணியின் பெட்டியில் பச்சைப் பழம், கறிவேப்பிலை, அரிசி, இறைச்சிக்கு அனுமதி இல்லை. புளி, மசாலாத்தூள், ஊறுகாய், கேழ்வரகு மாவு என எது இருந்தாலும் சுங்கப் படிவத்திலோ அதிகாரியிடமோ 'உணவு இருக்கிறது' என்று சொல்லிவிடுங்கள். சொன்னால் அதிகபட்சம் பொருள் போகும். மறைத்தால் அபராதம்.

சிங்கப்பூர், அமீரகம் போகிறவர்கள் கசகசாவைத் தொடவே வேண்டாம். குருமாவுக்குப் போடும் பொருள்தான் என்றாலும், அங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. வாயில் போடும் புகையிலையும் கூடாது.

நகைகளை அளவோடு போட்டுக்கொள்ளுங்கள். அதிகமாக இருந்தால் கிளம்பும்போதே விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால், திரும்பி வரும்போது 'இது எங்கே வாங்கியது?' என்ற கேள்வி வராது.

ஊரில் முடிக்க வேண்டியவை

ஓய்வூதியர்கள் வாழ்நாள் சான்றிதழை மறக்கக் கூடாது. மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர். மாநில அரசு ஓய்வூதியர்கள் தங்களுக்கு எந்த மாதம் என்று கருவூலத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 'ஜீவன் பிரமாண்' செயலியில் முகத்தைக் காட்டி வெளிநாட்டிலிருந்தும் செய்யலாம். ஓ.டி.பி வருவதற்கு இந்திய சிம்முக்கு ரோமிங் போட்டுவையுங்கள். மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் அறுவடை, குத்தகைக் கணக்கை முடித்துவிட்டுக் கிளம்பினால் அங்கே நிம்மதியாகத் தூங்கலாம்.

விமானத்துக்குப் பெரும்பாலும் பெங்களூரு. விமான நிலையம் நகரைத் தாண்டி வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. ஓசூர் ரோடு நெரிசலை மனதில் வைத்து இரண்டு மணி நேரம் முன்கூட்டியே புறப்படுங்கள். நடக்க முடிந்தாலும் வீல்சேர் உதவி கேட்டு வாங்குங்கள். பெரிய விமான நிலையங்களில் மொழி தெரியாமல் கேட் தேடும் அலைச்சல் மிச்சம். அபுதாபி வழியாக அமெரிக்கா போனால், அமெரிக்கக் குடிநுழைவுச் சோதனை அபுதாபியிலேயே முடிந்துவிடும். எனவே அங்கே விமானம் மாற நேரம் அதிகம் இருக்கும்படி டிக்கெட் போடுங்கள்.

சுற்றிப்பார்க்க...

ஒகேனக்கல்லை 'இந்தியாவின் நயாகரா' என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அசலையும் பார்க்கலாம். ஆனால், நயாகராவின் அந்தக் கரை கனடா. அமெரிக்க விசாவை மட்டும் வைத்துக்கொண்டு பாலத்தைத் தாண்ட முடியாது. அமெரிக்கப் பக்கத்திலிருந்தே அருவிக்கு அருகே படகில் போகலாம். குளிர்காலத்தில் படகு ஓடாது. மலேசியா போகிறவர்களுக்கு பத்துமலை முருகன் கோயில். 272 படிகள் என்பதால் முழங்கால் வலி இருப்பவர்கள் கீழே பிரமாண்ட முருகன் சிலையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மூன்றாவது வாரம்தான் சோதனை

முதல் இரண்டு வாரம் எல்லாமே புதுசு. அதன் பிறகு மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட, கார் ஓட்டத் தெரியாத பெரியவர்களுக்கு வீடே உலகம். திண்ணைப் பேச்சும் டீக்கடையும் அங்கே இல்லை. குளிர் மாதங்களில் வாசலில் நிற்கக்கூட முடியாது. அதனால் அமெரிக்கா, கனடாவுக்கு ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பருக்குள் போய்வருவது நல்லது. பக்கத்து நூலகம், பூங்கா, கோயில், தமிழ்ச் சங்கம் எங்கே இருக்கின்றன என்று பிள்ளைகள் முன்பே பார்த்துவைக்கலாம். நடந்தே போகக்கூடிய இடம் ஒன்றாவது இருந்தால் பெரிய விடுதலை.

முதல் பயணத்தை இரண்டு மாதத்தில் முடித்துக்கொண்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. விசா கையில் இருக்கிறது, அடுத்த வருடமும் போகலாம். தேதி மாற்றும் வசதியுள்ள டிக்கெட்டாக எடுங்கள். "எப்பப்பா ஊருக்குப் போலாம்?" என்று அப்பா ஒருமுறை கேட்டால், சமாதானம் சொல்லாமல் அந்த டிக்கெட்டை எடுத்துப் பாருங்கள் பிள்ளைகளே!