விடைபெறும் வாழ்த்தில் ஒரு வரலாறு

ஸ்பானியர் ஒருவரையொருவர் பிரியும்போது 'ஆதியோஸ்' என்பர். 'இறைவனிடம்' என்பதே அதன் நேர்பொருள். 'உம்மை இறைவனிடம் ஒப்படைக்கிறேன்' என்னும் கருத்துடைய வாழ்த்து, நாவில் தேய்ந்து தேய்ந்து இவ்வளவாய் நின்றது. புறப்படுவோரை 'ஃபீ அமானில்லாஹ்' என்று வழியனுப்பும் நம் இல்லத்தாருக்கு இப்பொருள் புதிதன்று. 'பாயா கோன் தியோஸ்', அதாவது இறைவனோடு செல்க என்பதும் அவர்களிடையே உண்டு. இவை இலத்தீன் வழிவந்த சொற்கள்.

ஆனால், 'நலமே நிகழட்டும்', 'விரைவில் மீண்டும் காண்போமாக' என்று ஆவல் பொங்க வாழ்த்த நேர்ந்தால், அவர்கள் முதலில் எடுக்கும் சொல் 'ஓஹலா'. இஃது அரபுச் சொல். நம்மவருட் பலர் இதனை 'இன்ஷா அல்லாஹ்' என்பதன் திரிபென்பர். ஸ்பானிய மொழிக் கழகத்தின் அகராதியோ, அந்நாட்டு அரபியில் வழங்கிய 'லவ் ஷா அல்லாஹ்' என்பதையே மூலமாகக் காட்டுகிறது. இரண்டிற்கும் பொருள் 'அல்லாஹ் நாடினால்' என்பதுதான். பழைய ஸ்பானியத்தில் இச்சொல் 'ஓஷலா' என்றே ஒலித்தது. 'ஷ'கரம் பின்னாளில் மாறிற்று. இன்று அதனைச் சொல்வோரிற் பெரும்பாலோர் அதனுள் இறைவன் திருப்பெயர் இருப்பதை உணர்வதில்லை.

711இல் தொடங்கிய முஸ்லிம் ஆட்சி 1492இல் கிரானடாவின் வீழ்ச்சியோடு முடிந்தது. கட்டாயமாகக் கிறித்தவராக்கப்பட்ட முஸ்லிம்களை 'மொரிஸ்கோ' என அழைத்தனர். 1567இல் வெளியான அரசாணை, கிரானடாவில் அவர்கள் அரபியைப் பேசவும் படிக்கவும் எழுதவும் தடைவிதித்தது. மறு ஆண்டே அல்புஹாரா மலைநாட்டில் கிளர்ச்சி மூண்டது. அரபியைத் தடுத்த மக்களின் நாவிலேயே 'ஓஷலா' உலவிக்கொண்டிருந்தது. அதற்குத் தடைவிதிக்க எவருக்கும் தோன்றவில்லை போலும்!

மொரிஸ்கோக்கள் தங்கள் ஸ்பானியத்தை அரபு எழுத்தில் எழுதி மார்க்க நூல்களைக் காத்தனர். 'அல்ஹமியாதோ' எனப்படும் அம்முறை, அரபுத் தமிழ் அறிந்த நமக்கு எளிதில் விளங்கும். 1884இல் அல்மொனாசித் என்ற ஊரில் பழைய வீடொன்றை இடித்தபோது, பொய்த்தளத்தின் அடியில் அத்தகைய ஏடுகள் பல வெளிப்பட்டன.

1609 முதல் 1614 வரை ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் நாடு கடத்தப்பட்டனர். அதற்கு மறு ஆண்டு, 1615இல், செர்வாந்தேஸ் தம் 'தோன் கிஹோத்தே'யின் இரண்டாம் பாகத்தை வெளியிட்டார். துரத்தப்பட்ட மொரிஸ்கோ ரிகோத்தே, மாறுவேடத்தில் தாய்நாடு திரும்பி வரும் வழியில் தன் ஊரானாகிய சாஞ்சோவைக் காண்கிறான். புதைத்து வைத்த செல்வத்தைத் தோண்டியெடுக்க உதவுமாறு கேட்கிறான். அரசனுக்கு இரண்டகம் செய்ய மாட்டேன், உன்னைக் காட்டிக் கொடுக்கவும் மாட்டேன் என்கிறான் சாஞ்சோ. பிரியும் வேளையில், சகோதரனே என்றழைத்து இறைவனின் துணையை அவனுக்கு வேண்டுபவன் நாடிழந்த ரிகோத்தேதான். இருவரும் தழுவிப் பிரிகின்றனர்.

பின்னர் பார்சிலோனாவில் ரிகோத்தே தன் மகளையும் கண்டடைகிறான். தந்தையும் மகளும் நாட்டில் தங்க இசைவு பெற்றுத்தர அங்குள்ள பெரியோர் முற்படுகின்றனர். இசைவு கிடைத்ததா என்பதைச் செர்வாந்தேஸ் சொல்லவில்லை.